உறை கிழிக்காமல் நூல் தேர்வு செய்த வரலாறு

ஓட்டுநர் உரிம அலுவலகத்துக்கு ஒரு திங்கட்கிழமை காலை சுற்றறிக்கை ஒன்று வந்தது. உரிம அட்டையில் இருக்கும் புகைப்படத்தின் பின்னணி இனிமேல் வெள்ளையாக இருக்கக் கூடாது, வெளிர் நீலமாக இருக்க வேண்டும் என்றது அது. ஏன் என்று சொல்லவில்லை. ஏன் என்றெல்லாம் சொல்ல ஆரம்பித்தால் அப்புறம் சுற்றறிக்கைக்கு என்ன மரியாதை? இன்னும் அச்சாகாத அட்டைகளுக்கும் இது பொருந்தும் என்று கடைசி வரியில் ஒரு கொக்கி வேறு இருந்தது. ஆகவே, வண்டி ஓட்டிக் காட்டி, தேறி, படமும் எடுத்துக்கொண்டு, அட்டைக்காக மட்டும் காத்திருந்த நானூற்றுப் பன்னிரண்டு பேர் ஒரே நாளில் குற்றவாளிகள் மாதிரி ஆனார்கள். அவர்களுக்குப் பின்னால் வெள்ளை இருந்தது.

மறுபடி ஒரு படம் எடுத்தால் போச்சு என்று உங்களுக்குத் தோன்றும். தோன்றத்தான் செய்யும், நீங்கள் விதி பதினொன்றைப் படித்ததில்லை. படம் தேர்வு நாளன்றுதான் எடுக்கப்பட வேண்டும் என்பது விதி. மறுபடி படம் என்றால் மறுபடி தேர்வு. மறுபடி தேர்வுக்கு ஏழு மாதம் வரிசை.

நல்லவேளையாக, புகைப்படத்தைத் திருத்தும் மென்பொருள் ஒன்று மூன்று வருஷமாக அலுவலகக் கணினியில் இருந்தது. அது வந்த அட்டைப்பெட்டியை யாரோ கணினித் திரைக்கு அடியில் முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். அதுவரை அந்த மென்பொருளால் அலுவலகத்துக்குக் கிடைத்த ஒரே பயன் அதுதான். யாராவது அதைக் கற்றுக்கொண்டால் வேலை முடிந்தது. கற்றுக்கொள்ளப் புத்தகம் வேண்டும். புத்தகம் வாங்கக் குழு வேண்டும். குழுவுக்குத் தலைவர் வேண்டும்.

இயக்குநர் அம்மா எல்லோருடைய பணி விவரப் படிவங்களையும் வரவழைத்துப் பார்த்தார். நாற்பத்தாறு பேரில் ஒரே ஒருவர் 'பிற திறமைகள்' என்ற இடத்தில் 'புகைப்படத் திருத்த மென்பொருள்' என்று எழுதியிருந்தார். அவர்தான் நம் கதாநாயகர், பிரிவுக் கண்காணிப்பாளர். எந்தக் காகிதம் வந்தாலும் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதாமல் விடமாட்டார் என்பதால் அவருக்குக் 'குறிப்பு சார்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். குறிப்பு சாருக்கு அந்த மென்பொருளில் அ, ஆ கூடத் தெரியாது. ஏழு வருஷத்துக்கு முன்னால் படிவத்தை நிரப்பும்போது அந்த இடம் காலியாக இருந்தது. காலியாக ஒரு கட்டத்தைப் பார்த்தால் அவருக்குக் கை அரிக்கும். மேஜையில் கிடந்த செய்தித்தாளில் அந்த மென்பொருளின் விளம்பரம் இருந்தது, எழுதிவிட்டார். விளம்பரம் தையல் இயந்திரத்துக்கு இருந்திருந்தால் தையல் தெரிந்தவராகியிருப்பார்.

"நம்ம ஆபீஸ்ல விஷயம் தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான்," என்றார் இயக்குநர்.

"ஏதோ, உங்க ஆசி மேடம்," என்றார் குறிப்பு சார். அந்த இடத்தில் வாயில் வந்தது அதுதான்.

விஷயம் இதோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் நானூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி அவருடைய சொந்தத் தங்கை. மாடி வீட்டில்தான் இருக்கிறாள். பதினொரு வருஷம் பஸ்ஸில் நடத்துநராக நின்றுகொண்டே வேலை பார்த்தவள், "இனி உக்காந்துதான் போவேன், அதுவும் முன் சீட்டுல" என்று சொல்லி கனரக வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். இரண்டு தகர டிரம்களுக்கு நடுவில் பஸ்ஸைப் பின்னால் எடுத்து ஒரே தடவையில் நிறுத்தித் தேறினாள். பஸ் கம்பெனி அவளுக்கு ஒரு வண்டியை ஒதுக்கி வைத்திருந்தது. ஒன்றாம் தேதிக்குள் அட்டையோடு வந்தால் வண்டி அவளுக்கு, இல்லையென்றால் அடுத்து நிற்கிற ஆளுக்கு. ஒன்றாம் தேதிக்கு இருபத்து நான்கு நாள் இருந்தது.

"என் அண்ணன் இருக்கறப்ப எனக்கென்ன கவலை?" என்றாள் தங்கை. அந்த வார்த்தையைக் கேட்டுக் குறிப்பு சாருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நிமிர்ந்த வேகத்திலேயே சுருங்கவும் செய்தது.

குழுவில் மூன்று பேர். தலைவர் குறிப்பு சார். கிடங்குப் பொறுப்பாளர் அம்மாள் ஒருவர், பொருள் எதுவானாலும் எங்கே வைப்பது என்பதுதான் அவருக்குக் கவலை. மூன்றாமவர் சட்ட அலுவலர், எங்கேயும் வைக்கக் கூடாது என்பது அவர் கட்சி. கடையிலிருந்து ஏழு புத்தகங்கள் பார்வைக்கு வந்தன. ஏழும் பிளாஸ்டிக் உறைக்குள் இறுக்கமாக ஒட்டப்பட்டிருந்தன. கூடவே ஒரு சீட்டு: உறை கிழிந்த புத்தகம் விற்ற புத்தகமாகக் கருதப்படும்.

குழு உறையைத் தடவிப் பார்த்தது. பிறகு, உறையைக் கிழிக்காமலே நூல்களை மதிப்பிடுவது என்று ஒருமனதாகத் தீர்மானித்தது.

அன்று சாயங்காலம் இதைக் கேட்ட தங்கை மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கிழிச்சா என்னண்ணா?"

"கிழிச்சா வாங்கின மாதிரி ஆயிடும்."

"வாங்கித்தான் தொலைங்களேன்."

"வாங்கணும்னா முதல்ல தேர்வு செஞ்சிருக்கணும்."

"தேர்வு செய்யணும்னா?"

"உள்ள என்ன இருக்குன்னு பாத்திருக்கணும்."

"பாக்கணும்னா?"

"கிழிக்கணும்மா," என்றார் குறிப்பு சார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே அது ஒரு மாதிரியாகப் பட்டது. உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டார்.

குழு ஐந்து முறை கூடியது. சும்மா சொல்லக் கூடாது, மும்முரமாகத்தான் வேலை செய்தது. முதல் புத்தகத்தைத் தபால் எடை போடும் தராசில் வைத்தார் கிடங்கு அம்மாள்.

"ஒன்றரைக் கிலோ சார். ஆரம்பப் பாடமே ஒன்றரைக் கிலோன்னா முழுசும் படிச்சு முடிக்கறவன் கதி என்ன ஆகறது? அலமாரியும் தாங்காது."

இரண்டாவது புத்தகத்தின் அட்டையில் 'பத்தே நாளில் கற்கலாம்' என்று இருந்தது. சட்ட அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"பதினோராம் நாள் வரலைன்னா யார் பொறுப்பு? எழுதினவரா, நாமளா?"

மூன்றாவதன் பின்னட்டையில் ஆசிரியர் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வெள்ளைச் சுவர்.

"இந்தப் படத்தோட இவர் நம்மகிட்ட வந்தா அட்டை குடுப்பமா?" என்றார் சட்ட அலுவலர்.

"எப்படிக் குடுக்கறது? பின்னணி வெள்ளை. சிரிப்பு வேற," என்றார் கிடங்கு அம்மாள்.

"அப்ப அவர் சொல்லிக் குடுக்கறதை மட்டும் எப்படி எடுத்துக்கறது?"

குறிப்பு சார் மறுக்காமல் எழுதிக்கொண்டார்: 'ஆசிரியரே விதிமுறைக்குப் புறம்பானவர்.'

நான்காவதன் அட்டையில் ஒரு பெண்ணின் முகம், திருத்துவதற்கு முன் ஒரு பாதி, திருத்திய பின் ஒரு பாதி. ஒரு பாதி இருட்டாக இருந்ததால் முகம் முழுவதும் சீரான வெளிச்சம் வேண்டும் என்ற விதி ஆறு அந்தப் பெண் மேல் பாய்ந்தது. ஐந்தாவது 'ஒன்றும் தெரியாதவர்களுக்கு' என்று தலைப்பிலேயே சொன்னது, அரசு ஊழியரை அவமதித்ததாக அதை ஒதுக்கினார்கள். ஆறாவது 'திருத்திய பதிப்பு'. அப்படியானால் முதலில் தப்பாக எழுதியவர்தானே என்று கேட்டார் கிடங்கு அம்மாள், அதோடு அதுவும் போனது.

ஏழாவது புத்தகம்தான் குறிப்பு சாரைப் பாடாய்ப் படுத்தியது. எடை கால் கிலோ. ஆசிரியர் படம் கிடையாது. 'தொடக்க நிலையாளருக்கு' என்று மரியாதையாகத் தலைப்பு. மற்ற இருவரும் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். உறைக்கு உள்ளே பின்னட்டையில் பாடங்களின் பட்டியல் தெரிந்தது. பாடம் ஒன்று: பின்னணி நிறத்தை மாற்றுவது எப்படி? பக்கம் ஒன்பது. ஆகும் நேரம் நான்கு நிமிடம்.

நான்கு நிமிடம். நானூற்றுப் பன்னிரண்டு பேருடைய பிழைப்பு பக்கம் ஒன்பதில் இருந்தது, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் தாள். குறிப்பு சார் கட்டைவிரல் நகத்தை உறையின் மூலையில் வைத்தார். லேசாக அழுத்தினார். பிளாஸ்டிக் கிரீச்சிட்டது. அவ்வளவுதான், ஆளுக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. விஷயம் தெரிந்தவன் எதற்காக ஆரம்பப் புத்தகத்தைத் திருட்டுத்தனமாகப் படிக்கிறான் என்று யாராவது கேட்டால்? புத்தகத்தை இருந்த இடத்தில், இருந்த கோணத்தில் வைத்துவிட்டு நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிழித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும், அவர் கோழை என்பதால்தான் உங்களுக்கு மீதிக் கதை கிடைக்கிறது.

ஏழாவதில் குற்றம் எதுவும் கிடைக்காமல் போகவே சட்ட அலுவலருக்கு ஏமாற்றமாக இருந்தது. யோசித்துவிட்டுச் சொன்னார்.

"தொடக்க நிலையாளருக்குன்னு போட்டிருக்கு. நம்ம ஆபீஸ்ல தொடக்க நிலையாளர் யாராவது இருக்காங்களா? இருக்கறதுக்கு ஆதாரம் வேணும். இல்லாத ஆளுக்குப் புத்தகம் வாங்கினதா தணிக்கையில கேட்டா என்ன சொல்றது?"

இது நியாயமாகத்தான் பட்டது. நியாயமாகப் படாத எதையும் அந்தக் குழு செய்ததே இல்லை. ஆகவே உறுதிமொழிப் படிவம் ஒன்று தயாரானது. 'மேற்படி மென்பொருள் எனக்குத் தெரியும் / தெரியாது. பொருந்தாததை அடித்துவிடவும். இப்படிவம் பணிப் பதிவேட்டில் சேர்க்கப்படும்.'

கடைசி வாக்கியம்தான் வேலையைக் கெடுத்தது. பணிப் பதிவேட்டில் 'தெரியாது' என்று ஏறினால் அப்புறம் பதவி உயர்வு நேரத்தில் அதுவே எமன். தட்டச்சர் 'தெரியும்' என்று எழுதினார். வண்டி ஓட்டத் தெரிகிறதா என்று ஊரைச் சோதிக்கிற ஆய்வாளர் 'தெரியும்' என்று எழுதினார். கிடங்கு அம்மாள், சட்ட அலுவலர், எல்லோருக்கும் தெரியும். வாசல் காவலாளி ஒரு படி மேலே போய் 'நன்கு தெரியும்' என்று எழுதிக் கொடுத்தார். நாற்பத்தாறு படிவமும் வந்து சேர்ந்தன. அந்த அலுவலகத்தில் தெரியாதவர் என்று ஒருவர்கூட இல்லை.

குழு தன் அறிக்கையைச் சமர்ப்பித்தது: தொடக்க நிலையாளர் எவரும் இல்லாத காரணத்தால் நூல் தேவைப்படவில்லை. ஏழு புத்தகங்களும் உறை கிழியாமல் கடைக்குத் திரும்பின. கடைக்காரர் அவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி சொல்லி அனுப்பினார்.

இயக்குநர் அறிக்கையைப் படித்தார். அப்புறம் நாள்காட்டியைப் பார்த்தார்.

"எல்லாருக்கும் தெரியும்னா, மூணு வாரமா ஏன் ஒரு அட்டைகூடப் போகலை?"

கேள்வி என்னவோ நல்ல கேள்விதான். மூன்று வாரம் கழித்து வந்தது.

தேதி இருபத்தொன்பது. எல்லோரிலும் மூத்த தெரிந்தவர் என்ற முறையில் குறிப்பு சாரைக் கணினி முன் உட்கார வைத்தார்கள். முன்னோடியாக ஓர் அட்டை போட்டுப் பார்ப்பது, அது வெளியே செல்லுபடியானால் மற்றவை என்று முடிவு. முன்னோடிக்குத் தங்கையின் படத்தையே எடுத்தார் அவர். அந்த ஒரு காரியத்தில் மட்டும் அவர் யாரையும் கலந்தாலோசிக்கவில்லை.

அவர் நாற்காலிக்குப் பின்னால் நாற்பத்தைந்து பேர் நின்றார்கள். திரையில் தங்கை வெள்ளைச் சுவருக்கு முன்னால் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் குட்டி குட்டிப் படங்களாகப் பொத்தான்கள். ஒன்று வாளி மாதிரி இருந்தது, ஒன்று கத்தரிக்கோல், ஒன்று கை. குறிப்பு சார் திரும்பிப் பார்த்தார். யாராவது ஏதாவது சொல்லமாட்டார்களா என்றிருந்தது. யார் சொல்வது? சொல்லித் தப்பானால் தெரியாது என்றாகிவிடும். நாற்பத்தைந்து தெரிந்தவர்களும் தெரிந்த மாதிரி தலையை ஆட்டினார்கள்.

ஏதோ ஒன்றை அழுத்தினார். ஏதோ ஒன்றை இழுத்தார். படம் நீலமானது. சுவர் நீலம். சட்டை நீலம். முகமும் நீலம், தோடும் நீலம். தங்கை வெளிர் நீலத்தில் முழுசாக மூழ்கியிருந்தாள்.

நாற்பத்தைந்து தலைகளும் திரையை நோக்கிக் குனிந்தன.

"பின்னணி வெளிர் நீலமா இருக்கா?" என்றார் சட்ட அலுவலர்.

"இருக்கு," என்றார் கிடங்கு அம்மாள்.

"முகம் நீலமா இருக்கக் கூடாதுன்னு சுற்றறிக்கையில எங்கயாவது இருக்கா?"

தேடிப் பார்த்தார்கள். எங்கேயும் இல்லை. அட்டை அச்சானது.

தங்கை அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"அண்ணா, மூச்சு நின்னு ரெண்டு நாள் ஆனவ மாதிரி இருக்கேன்."

"பின்னணி சரியா வந்திருக்கில்ல?" என்றார் அண்ணன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் அவள் பஸ் கம்பெனிக்குப் போய்விட்டு மத்தியானமே திரும்பி வந்து அலுவலக ஜன்னலில் நின்றாள். அட்டை உண்மையானதுதான், ஆளும் உண்மையான ஆள்தான், ஆனால் இரண்டும் ஒன்று என்று நம்ப முடியவில்லை என்று மேலாளர் சொல்லிவிட்டாராம். முகம் ஏன் இப்படி ஆனது என்று அட்டை கொடுத்த அலுவலகம் ஒரு கடிதம் தர வேண்டும். நாளை முதல் தேதி.

குறிப்பு சார் சட்ட அலுவலரிடம் போனார். "முகம் ஏன் நீலம்னு எழுதினா, திருத்தினது தப்புன்னு ஆகுமே? தப்புன்னா நமக்குத் தெரியலைன்னு ஆகுமே?" என்றார் அவர். கிடங்கு அம்மாளிடம் போனார். அவருக்கு அன்று பார்த்து சரக்கு எண்ண வேண்டியிருந்தது. இருக்கைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். ஜன்னலில் தங்கை நின்றுகொண்டிருந்தாள். கெஞ்சவில்லை, திட்டவும் இல்லை. பதினொரு வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்று பழகிய ஆள், எவ்வளவு நேரமானாலும் நிற்பாள். அதுதான் அவரைக் கொன்றது.

அவர் ஒரு தாளை எடுத்தார். முப்பது வருஷ உத்தியோகத்தில் எழுதிய குறிப்புகளில் எல்லாம் 'எனக் கருதப்படுகிறது' என்றோ 'எனத் தெரிய வருகிறது' என்றோதான் முடித்திருக்கிறார். இதை முடிக்க வேறு வார்த்தை தேவைப்பட்டது. எழுதினார்: 'படத்தில் இருப்பவரும் இவரும் ஒருவரே. முகம் நீலமானதற்கு நான்தான் காரணம். எனக்கு அந்த மென்பொருள் தெரியாது. என்றைக்குமே தெரியாது.' கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் கொடுத்தார்.

தங்கை படித்தாள். "இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமேண்ணா," என்றாள். கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு ஓடினாள். வேலை கிடைத்தது.

மறுநாள் இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். பஸ் கம்பெனி அனுப்பிவைத்த கடித நகல் மேஜையில் இருந்தது. வேலை போய்விட்டது என்றுதான் குறிப்பு சார் நினைத்தார், போனாலும் பரவாயில்லை என்றுகூட ஒரு நிமிடம் வீரமாக நினைத்தார். இயக்குநரோ எழுந்து நின்று கை கொடுத்தார்.

"இத்தனை நாளா எங்க சார் இருந்தீங்க? தொடக்க நிலையாளர் ஒருத்தராவது இருந்தா மேலிடத்துலருந்து பயிற்சிக்கு அனுமதி உண்டு. ஆறு வாரம். கடற்கரை ஊர். தங்கற இடத்துல ஜன்னலைத் திறந்தா கடல்."

பத்து மணிக்கு நடந்த பேச்சு பத்தரைக்கு அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் நாற்பத்தைந்து பேரும் தங்களுக்கும் தெரியாது என்று எழுதிக் கொடுத்தார்கள். முன்பு எழுதியது கைப்பிழை. காவலாளி 'கொஞ்சமும் தெரியாது' என்று எழுதினார். சட்ட அலுவலர் தெரியாமை தமக்குப் பிறவியிலேயே உண்டு என்று ஒரு பத்தி சேர்த்துக்கொண்டார்.

அந்த வாரம் ஜன்னலில் ஒரு கல்யாண ஃபோட்டோக்காரர் வந்து நின்றார். மீதி நானூற்றுப் பதினொரு பேரில் ஒருவர்.

"சார், இது என் தொழில். இருபது வருஷமா இதே மென்பொருள்தான். எல்லாப் படத்தையும் மூணே நாள்ல முடிச்சுக் குடுத்துடறேன்."

குறிப்பு சாருக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. மூன்றே நாளில் வேலை முடிந்தால் பயிற்சி எதற்கு என்ற எண்ணம் அடுத்துத்தான் வந்தது. வீட்டில் பெட்டி கட்டியாகிவிட்டது. மனைவி அவருக்கு ஒரு துணித் தொப்பிகூட வாங்கி வைத்திருந்தாள். இருந்தாலும் மனசாட்சி என்று ஒன்று, கடிதம் எழுதிய நாளிலிருந்து புதிதாக முளைத்தது, குறுக்கே நின்றது. அவர் பெருமூச்சு விட்டுப் படிவத்தை நீட்டினார்.

"தெரியும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு உள்ள வாங்க."

ஃபோட்டோக்காரர் பேனாவை எடுத்தார். படிவத்தைப் படித்தார். பேனாவை வைத்தார்.

"எழுத்துலன்னா கொஞ்சம் யோசிக்கணும் சார். முழுசா தெரியும்னு யார்தான் சொல்ல முடியும்?" என்றவர் ஜன்னலுக்குள் தலையை நீட்டிக் குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கடற்கரைப் பயிற்சிக்கு வெளி ஆளுங்க வரலாமா?"

குறிப்பு சாருக்கு வந்த நிம்மதியைச் சொல்லவே கூடாது. 'தெரியும்' என்ற சொல்லை அவரே அடித்துக் கொடுத்தார்.

புறப்படுகிற நாள் வாடகைக்கு வந்த பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வந்தவள் தங்கை. புதுச் சீருடை, புது வண்டி, கம்பீரமாகத்தான் இருந்தாள். கண்ணாடியில் நாற்பத்தாறு பேரையும் எண்ணினாள். வெளியே பூட்டிய கதவுக்கு முன்னால் வரிசை தெருமுனை வரை போயிருந்தது.

"அண்ணா, எல்லாரும் இங்க இருக்கீங்க. அப்ப ஆபீஸ்ல யாரு?"

"பூட்டு இருக்கும்மா," என்றார் குறிப்பு சார், தொப்பியைச் சரிசெய்துகொண்டு.

அவள் வரிசையைப் பார்த்தாள். மூன்று வாரம் அவளும் அதில் நின்றவள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, முதல் வாடகைச் சவாரி, தாமதமாகப் போனால் கம்பெனியில் கேள்வி வரும் என்று நினைத்துக்கொண்டு கியரைப் போட்டாள்.

கடைசி சீட்டில் ஃபோட்டோக்காரர் மடிக்கணினியைத் திறந்து, ஏதோ ஒரு கல்யாணத் தம்பதிக்குப் பின்னாலிருந்த சுவரை அழித்துவிட்டுத் தோட்டம் வைத்துக்கொண்டிருந்தார். தம்பதியின் முகம் முகம் போலவே இருந்தது. நான்கு நிமிடத்துக்கு ஒரு படம் முடிந்தது. பக்கத்து சீட்டில் சட்ட அலுவலர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பார்த்தால் கொஞ்சம் தெரிந்துவிடுமே என்று அவருக்குப் பயம்.